கண்ணில் விழும் பூ: பூஞ்சை நோயைக் கண்டுபிடித்த வரலாறு

"அவருக்குக் கண்ணுல பூ விழுந்துருச்சு" என்று கிராமத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கருவிழியின் மேல் வெள்ளையாக ஒரு தழும்பு. அதற்குத்தான் நம் மக்கள் வைத்த பெயர் பூ. பழைய சோற்றிலோ ஈரத்தில் கிடந்த செருப்பிலோ பூஞ்சணம் பிடித்தாலும் "பூத்துப் போச்சு" என்றுதான் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் கண்ணில் பூ விழுந்த பலருக்கு, அந்தப் பூவுக்குக் காரணம் உண்மையிலேயே பூஞ்சைதான்!

அம்மை, வைட்டமின் ஏ குறைபாடு, அடிபடுதல் என்று கண்ணில் பூ விழப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் அதிகம் பேசப்படாதது பூஞ்சையால் வரும் கருவிழிப் புண். ரொட்டியில் பூக்கிற அதே வகை உயிரினம், மனிதனின் கண்ணில் எப்படி முளைக்கிறது? அது பூஞ்சைதான் என்று மருத்துவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இந்த வரலாற்றில் ஜெர்மனிக்கு ஒரு பக்கம் இருக்கிறது என்றால் எழும்பூருக்கும் மதுரைக்கும் திருச்சிக்கும் திருநெல்வேலிக்கும் பல பக்கங்கள் இருக்கின்றன.

களத்துமேட்டில் தொடங்கிய கதை

1879ஆம் ஆண்டு. ஜெர்மனியில் தியோடர் லெபர் என்ற கண் மருத்துவரிடம் 54 வயது விவசாயி ஒருவர் வந்தார். ஓட்ஸ் கதிரடிக்கும்போது உமி ஒன்று பறந்து வந்து அவர் கண்ணில் பட்டிருந்தது. கண் சிவந்து, கருவிழியில் புண்ணாகி, உள்ளே சீழ் கட்டியிருந்தது. லெபர் அந்தப் புண்ணிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். நூல் நூலாகப் பூஞ்சை இழைகள்! அது ஆஸ்பர்ஜில்லஸ் என்ற இனம். பூஞ்சையால் கருவிழிப் புண் வரும் என்று மருத்துவ உலகம் பதிவு செய்த முதல் நோயாளி அவர்தான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த நோயாளி ஒரு விவசாயி. காயம் பட்ட இடம் களம். காயப்படுத்தியது உமி. ஓட்ஸ் இருக்கும் இடத்தில் நெல்லை வைத்துப் பாருங்கள், தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ இன்று நடக்கிற சம்பவம் போலவே இருக்கும். நூற்றி நாற்பது வருடங்களுக்கும் மேலாகியும் இந்த நோய் தன் ஆளை மாற்றிக்கொள்ளவே இல்லை.

கருவிழி என்னும் கண்ணாடி

கருவிழி என்று நாம் சொல்வது உண்மையில் கருப்பு இல்லை. அது கண்ணாடி போன்ற ஒரு படலம். உள்ளே இருக்கும் பாப்பாவும் அதைச் சுற்றிய பகுதியும் தெரிவதால் கருப்பாகத் தோன்றுகிறது. நடுவில் அதன் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். ஒளி தடையில்லாமல் போக வேண்டும் என்பதால் அதில் ரத்தக் குழாய்களே கிடையாது. அதுதான் அதன் பலம், அதுவே அதன் பலவீனமும்கூட. ரத்தம் வராத இடத்துக்கு ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பு சக்தி வந்து சேரத் தாமதமாகும்.

ஆனாலும் மேல்தோல் போன்ற வெளியடுக்கு முழுதாக இருக்கும்வரை பூஞ்சையால் பொதுவாக உள்ளே நுழைய முடியாது. மண்ணிலும் வைக்கோலிலும் காற்றிலும் பூஞ்சை வித்துகள் எங்கும் இருக்கின்றன. நம் எல்லோர் கண்ணிலும் அவை தினமும் விழத்தான் செய்கின்றன. கண்ணீரும் இமையும் அவற்றைத் துடைத்துத் தள்ளிவிடும். நெல் தாளோ கரும்புத் தோகையோ கண்ணில் கீறும்போதுதான் கதவு திறக்கிறது. கீறுகிற பொருளே வித்தையும் சேர்த்து உள்ளே விதைத்துவிடுகிறது. இந்த நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 'மெட்ராஸ் ஐ' வேறு, இது வேறு. அது வைரஸ், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். இது தானாகச் சரியாவதில்லை.

எழும்பூரின் பங்கு

சென்னைக்குக் கண் மருத்துவத்தில் நீண்ட வரலாறு உண்டு. 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனி 'மெட்ராஸ் ஐ இன்ஃபர்மரி' என்ற பெயரில் ராயப்பேட்டையில் ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கியது. லண்டனின் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனை தொடங்கி 14 வருடங்களில் இங்கே இது வந்துவிட்டது! பின்னர் 1880களில் அது எழும்பூருக்கு இடம் மாறியது. இன்று நாம் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை என்று சொல்வது அதைத்தான். ஆசியாவின் மிகப் பழைய கண் மருத்துவமனை என்று அதைச் சொல்வார்கள். பெரும்பாலோருக்கு 'மெட்ராஸ் ஐ' என்ற பெயர் ஞாபகத்துக்கு வரும். ஆனால் கருவிழிப் புண்ணால் பார்வை போனவர்களுக்கு இந்த மருத்துவமனை செய்த முக்கியமான காரியம் வேறு. 1945இல் டாக்டர் ஆர்.ஈ.எஸ். முத்தையா இங்கே இந்தியாவின் முதல் கண் வங்கியைத் தொடங்கினார். 1948இல் கருவிழி மாற்று அறுவை சிகிச்சையும் நடந்தது. மருந்துக்குக் கட்டுப்படாமல் பூஞ்சை கருவிழியையே தின்றுவிட்டால், கடைசி வழி இறந்தவர் தானம் தந்த கருவிழிதான்.

அனகாபுத்தூர், பம்மல், பல்லாவரம் பக்கத்து மக்களுக்கும் கண்ணில் பிரச்னை என்றால் முதலில் ஞாபகம் வருவது எழும்பூர்தான். தறிக்குப் பெயர்போன ஊர் அனகாபுத்தூர். அங்கே நெய்த 'மெட்ராஸ் கைக்குட்டை' துணி கடல் தாண்டி மேற்கு ஆப்பிரிக்காவரை போனது. பக்கத்திலேயே பல்லாவரம், திரிசூலம் கல்குவாரிகள். பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் நேராக எழும்பூரில் இறங்கிவிடலாம். ஆனால் தென்மாவட்டத்து வயலில் நாற்று நடுகிறவருக்கு அப்படி ஒரு ரயில் இருக்கவில்லை. அடுத்த கட்டக் கதை அங்கேதான் நடந்தது.

மதுரை போட்ட கணக்கு

1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரை அறுவை சிகிச்சைக்காக உலகப் புகழ் பெற்ற இடம் அது. அங்கே கருவிழிப் பிரிவில் பணியாற்றிய டாக்டர் எம். சீனிவாசனும் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஆய்வாளர்களும் சேர்ந்து 1990களில் ஒரு எளிய கேள்வியைக் கேட்டார்கள். கருவிழிப் புண் எத்தனை பேருக்கு வருகிறது? எதனால் வருகிறது?

முதல் கேள்விக்குக் கிடைத்த பதில்: 1993இல் மதுரை மாவட்டத்தில் 10,000 பேருக்கு 11 பேர் என்ற கணக்கில் கருவிழிப் புண் வந்திருந்தது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் ஒரு மாவட்டத்தில் கண்ட அளவைவிட இது ஏறக்குறைய 10 மடங்கு. இதே விகிதத்தை நாடு முழுவதற்கும் விரித்துப் பார்த்தால் இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 8,40,000 பேர்! ஊரே பேசுகிற கொள்ளைநோய்க்கு இணையான எண்ணிக்கை. ஆனால் இது ஊர் ஊராக, ஒற்றை ஒற்றை ஆளாக, சத்தமில்லாமல் வருகிறது. அதனால்தான் 1997இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆய்வாளர்கள் இதை 'மௌனமான கொள்ளைநோய்' என்று அழைத்தார்கள்.

இரண்டாவது கேள்விக்கான பதில் இன்னும் முக்கியமானது. 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மூன்றே மாதங்களில் கருவிழிப் புண்ணோடு மதுரைக்கு வந்த 434 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 284 பேருக்கு முன்பே கண்ணில் அடிபட்டிருந்தது. 297 பேரின் புண்ணிலிருந்து கிருமி வளர்ந்தது. அதில் பாக்டீரியா மட்டும் இருந்தவர்கள் 140 பேர். பூஞ்சை மட்டும் இருந்தவர்கள் 139 பேர். இன்னும் 15 பேருக்கு இரண்டும் சேர்ந்து இருந்தன. மூன்று பேருக்கு அகாந்தமீபா என்ற அமீபா.

140க்கு 139. கிட்டத்தட்ட காசைச் சுண்டிப் போடுவது மாதிரி! பாக்டீரியாவுக்குக் கொடுக்கிற ஆன்டிபயாடிக் சொட்டு பூஞ்சையை ஒன்றும் செய்யாது. பூஞ்சைக்கான மருந்து பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. எது என்று தெரியாமல் மருந்து போட்டால் இருவரில் ஒருவருக்குத் தவறான மருந்து. அந்தத் தவறு தெரிய வருவதற்குள் ஒரு வாரம் போய்விடும். ஒரு வாரத்தில் பூஞ்சை அரை மில்லிமீட்டர் கண்ணாடியில் எவ்வளவோ தூரம் போய்விடும்.

பார்த்தே சொல்லிவிட முடியாதா?

அனுபவமுள்ள மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாரே என்று நமக்குத் தோன்றும். பூஞ்சைப் புண்ணுக்குச் சில அடையாளங்கள் உண்டுதான். ஓரங்கள் இறகு போல பிசிறு பிசிறாக இருக்கும். பெரிய புண்ணைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். மேல்பரப்பு உலர்ந்து சற்று மேடாகத் தெரியும். ஆனால் எல்லாப் பூஞ்சையும் பாடப்புத்தகம் படித்துவிட்டு வருவதில்லையே!

2012இல் வெளியான ஒரு ஆய்வில் 15 கருவிழி நிபுணர்களிடம் 80 புகைப்படங்களைக் கொடுத்து, எது பாக்டீரியா, எது பூஞ்சை என்று கேட்டார்கள். நிபுணர்கள் சரியாகச் சொன்னது 66 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 சதவீதம் சரியாக வரும். அதைவிட 16 சதவீதம்தான் அதிகம். இது மருத்துவர்களின் குறை இல்லை. இரண்டும் அவ்வளவு ஒத்துப் போகின்றன என்பதே இதன் பொருள். ஆக, கண்ணைப் பார்த்துச் சொல்வது போதாது. கண்ணிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும்.

சில நிமிடங்களில் ஒரு தீர்ப்பு

அந்தப் பரிசோதனை இப்படித்தான் நடக்கிறது. கண்ணில் மரத்துப்போகும் சொட்டு மருந்து விடுவார்கள். நோயாளியைப் பிளவு விளக்கு (ஸ்லிட் லேம்ப்) முன்னால் உட்கார வைத்து, ஒரு சின்னக் கத்தியாலோ கரண்டி போன்ற கருவியாலோ புண்ணின் ஓரத்தையும் அடியையும் மெல்லச் சுரண்டி எடுப்பார்கள். எடுத்ததில் கொஞ்சத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு சொட்டு விடுவார்கள். சுருக்கமாக 'கே.ஓ.எச். பரிசோதனை'.

இதன் சூட்சுமம் ரொம்ப எளிமையானது. அந்தக் காரம் மனித செல்களையும் சீழையும் கரைத்துவிடும். பூஞ்சையின் சுவரில் கைட்டின் என்ற உறுதியான பொருள் இருப்பதால் அது அவ்வளவு சீக்கிரம் கரையாது. எல்லாம் கரைந்து போன பிறகு கிளை விட்ட இழைகள் மட்டும் நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரியும். வைக்கோலை எரித்தால் நடுவில் கிடந்த கம்பி மிஞ்சுவது போல.

இதோடு இன்னொரு தகட்டில் கிராம் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் வெளியிட்ட முறை அது, பாக்டீரியாவை அடையாளம் காண உதவும். மீதியை வளர்ப்பு ஊடகத்தில் ஆங்கில எழுத்து 'சி' வடிவத்தில் கோடு கோடாகத் தடவுவார்கள். ஏன் அந்த வடிவம்? கோட்டின் மேல் முளைத்தால் அது கண்ணிலிருந்து வந்தது. கோட்டுக்கு வெளியே முளைத்தால் அது காற்றிலிருந்து விழுந்தது. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! பூஞ்சைக்கென்றே உள்ள ஊடகத்துக்கு பிரான்ஸைச் சேர்ந்த ரேமண்ட் சபூரோவின் பெயர். ஆனால் வளர்ப்பில் பூஞ்சை தெரியச் சில நாட்கள் ஆகும், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். கே.ஓ.எச். அன்றைக்கே, சில நிமிடங்களிலேயே சொல்லிவிடும்.

திருச்சி ஜோசப் கண் மருத்துவமனையின் டாக்டர் பிலிப் தாமஸ் இந்தத் துறையில் உலகம் அறிந்த பெயர். லாக்டோபீனால் காட்டன் புளூ என்ற நீலச் சாயத்தைக் கொண்டு கருவிழிச் சுரண்டலில் பூஞ்சையைக் கண்டறியலாம் என்று 1991இல் அவரும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்திலேயே கிடைக்கிற சாயம் அது!

எளிய பரிசோதனை என்றால் துல்லியம் குறைவாக இருக்குமோ? திருநெல்வேலி அரவிந்த் மருத்துவமனையில் 1999 செப்டம்பர் முதல் 2002 ஆகஸ்ட் வரை 3,183 கருவிழிப் புண்களை ஆராய்ந்தார்கள். அதில் 1,095 பூஞ்சை. பூஞ்சை இருந்தவர்களில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களைக் கே.ஓ.எச். பிடித்துவிட்டது. அதாவது ஒரு நுண்ணோக்கி, ஒரு கண்ணாடித் தகடு, ஒரு சொட்டுக் காரம், பழகிய ஒரு ஜோடிக் கண் இருந்தால் போதும். அந்த ஆய்விலும் பூஞ்சை நோயாளிகளில் பெரும்பாலோர் விவசாய வேலை செய்கிறவர்கள். சம்பாதிக்கிற வயதில் இருந்தவர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றடிக்கும் மாதங்களில் பூஞ்சைப் புண் கூடுதலாக வருகிறது என்றும் தென்தமிழக ஆய்வுகள் சொல்கின்றன.

தென்னாப்பிரிக்க மண்ணிலிருந்து ஒரு மருந்து

நோய் தெரிந்தால் போதுமா? மருந்து வேண்டாமா? 1950களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து நாட்டாமைசின் என்ற மருந்து கிடைத்தது. பெயரிலேயே நேட்டால் ஒளிந்திருக்கிறது. தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போன அதே நேட்டால்தான். 1978இல் அமெரிக்கா இதைக் கண் சொட்டு மருந்தாக அனுமதித்தது.

பின்னால் வோரிகோனசோல் என்ற புது மருந்து வந்தது. புதுசு என்றால் நல்லது என்று எல்லோரும் நினைப்பது இயல்புதானே? அதைச் சோதித்துப் பார்த்ததும் தமிழ்நாட்டில்தான். 2010-2011இல் அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் இரண்டு மருந்தையும் ஒப்பிட்டார்கள். டாக்டர் என். வெங்கடேஷ் பிரஜ்னாவும் குழுவினரும் 2013இல் முடிவை வெளியிட்டார்கள். பழைய நாட்டாமைசின்தான் ஜெயித்தது! முக்கியமாக ஃபியூசேரியம் என்ற பூஞ்சையில் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. நம் ஊரில் அதிகம் வருவதும் அதுதான். 2017இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நாட்டாமைசினைச் சேர்த்தது.

விவசாயிக்கு மட்டுமா?

நகரத்தில் இருப்பவர்கள் நமக்கு என்ன என்று இருந்துவிட முடியாது. 2006இல் சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா என்று வயலே பார்க்காத பலருக்கு ஃபியூசேரியம் புண் வந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள். விசாரித்ததில் ஒரு குறிப்பிட்ட லென்ஸ் கழுவும் திரவத்தோடு தொடர்பு தெரிந்தது. அமெரிக்காவில் மட்டும் 164 பேருக்கு நோய் உறுதியானது. அந்தத் திரவம் உலகம் முழுவதும் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

2021 கொரோனா இரண்டாம் அலையை யாரும் மறந்திருக்க முடியாது. 'கறுப்புப் பூஞ்சை' என்ற பெயர் அப்போதுதான் வீடு வீடாக நுழைந்தது. அது கருவிழியில் வருவதில்லை. மூக்கு வழியாகப் போய்க் கண்குழியையும் மூளையையும் தாக்குவது. சர்க்கரை நோயும் ஸ்டீராய்டு மருந்தும் அதற்கு வழி விட்டன. அந்த ஆண்டு மே மாதம் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அங்கேயும் மருத்துவர்கள் முதலில் கையில் எடுத்தது அதே பழைய கே.ஓ.எச். தகட்டைத்தான்.

இப்போது பி.சி.ஆர். மூலம் பூஞ்சையின் மரபணுவையே தேடுகிறார்கள். சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வகம் 2001லேயே கண்ணுக்குள் வரும் பூஞ்சைத் தொற்றுக்கு இந்த முறையைப் பயன்படுத்தியது பற்றி எழுதியிருக்கிறது. புகைப்படத்தைப் பார்த்துச் சொல்லக் கணினிக்கும் பயிற்சி தருகிறார்கள். நிபுணர்களைவிடக் கணினி கொஞ்சம் நன்றாகவே சொல்கிறது. இன்னொரு பக்கம் பித்தியம் என்று ஒரு கிருமி. பார்க்கப் பூஞ்சை போலவே இழை இழையாக இருக்கும், ஆனால் பூஞ்சை இல்லை. பூஞ்சை மருந்து அதனிடம் பெரும்பாலும் பலிப்பதில்லை. ஆக, கண்டுபிடிக்கும் வேலை இன்னும் முடிந்துவிடவில்லை.

கணக்கில் வராத நஷ்டம்

இவ்வளவு இருந்தும் ஏன் பார்வை போகிறது? விடை ஆய்வகத்தில் இல்லை, முதல் சில நாட்களில் இருக்கிறது. கண்ணில் தூசி விழுந்தால் நாக்கால் எடுப்பது, தாய்ப்பால் விடுவது, பச்சிலைச் சாறு பிழிவது என்று பல வழக்கங்கள் நம்மிடம் உண்டு. நோக்கம் நல்லதுதான். ஆனால் கீறல் விழுந்த கண்ணில் சுத்தமில்லாத எதுவும் இன்னொரு விதைப்பு. அதைவிட ஆபத்து, சீட்டு இல்லாமல் கடையில் வாங்குகிற ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. போட்டதும் சிவப்பு குறையும், வலி குறையும். ஆனால் உடம்பின் எதிர்ப்பை அடக்கித்தான் அது வலியைக் குறைக்கிறது. உள்ளே பூஞ்சைக்குக் கொண்டாட்டம்!

தினக்கூலிக்காரரின் நிலையையும் யோசிக்க வேண்டும். ஒரு நாள் மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவு வேறு. அதனால் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடுகிறார். தள்ளிப் போட்டதில் மிச்சமாவது ஒரு நாள் கூலி. நஷ்டமாவது பல வாரச் சிகிச்சை, வேலையிழப்பு, பல சமயம் ஒரு கண். எந்தக் கணக்குப் பதிவேட்டிலும் இது ஏறுவதில்லை. 2021இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களில் இந்தப் பூஞ்சைப் புண் வருகிறது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும்தான் அதிகம்.

தடுக்க முடியும் என்பதற்கும் மதுரைப் பக்கமே சாட்சி. டாக்டர் சீனிவாசனும் குழுவினரும் சுமார் 48,000 பேர் வாழும் கிராமங்களில் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கண்ணில் கீறல் பட்டவர் உடனே அவர்களிடம் போக வேண்டும், அவர்கள் மூன்று நாள் களிம்பு போடுவார்கள். அவ்வளவுதான் திட்டம். 2006இல் வெளியான முடிவின்படி, அப்படி வந்தவர்களின் கீறல்கள் ஏறக்குறைய எல்லாமே புண்ணாகாமல் ஆறிவிட்டன. பெரிய கட்டிடம் இல்லை, விலை உயர்ந்த இயந்திரம் இல்லை. நேரத்தில் போனார்கள், அவ்வளவுதான்.

எனவே நண்பர்களே, வயலிலோ களத்திலோ வண்டியில் போகும்போதோ கண்ணில் ஏதாவது பட்டு, வலியும் கூச்சமும் அடுத்த நாளும் இருந்தால் கசக்காதீர்கள். கடையில் சொட்டு மருந்து கேட்காதீர்கள். கண் மருத்துவரிடம் போங்கள். புண் என்று சொன்னால், "சுரண்டிப் பார்த்தீர்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். வயல் வேலைக்கும் கல்லுடைக்கும் வேலைக்கும் போகிறவர் வீட்டில் இருந்தால் அவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். அவருக்கு இந்தப் பக்கத்தைப் படிக்க வாய்ப்பில்லாமல் இருக்கலாம். உங்களுக்கு இருக்கிறது.